பாதரசம் கம்மியான டியூப் லைட்

அந்த அலுவலகக் கட்டிடத்தின் பராமரிப்பு அதிகாரிக்குக் காலையிலிருந்தே கால் தரையில் பாவவில்லை. பசுமைக் கட்டிடச் சான்றிதழ் போன முறை கைநழுவியதே டியூப் லைட்டுகளில் இருந்த பாதரசத்தால்தான். இந்த முறையும் கோட்டைவிட்டால் அவள் பதவி வேறு ஆளுக்குப் போய்விடும். பாதரசமே இல்லாத எல்.இ.டி. போடலாமென்றால், செலவு அதிகமென்று முதலாளி மசியவில்லை. அதனால் இருப்பதிலேயே பாதரசம் குறைந்த டியூப்பைத் தேடிப் பிடித்திருந்தாள். இன்று ஆர்டர் போட வேண்டியதுதான் பாக்கி.

அவள் கணவன் விளக்குக் கம்பெனி ஏஜெண்ட். நேற்று இங்கே வந்து நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டு போனான்.

"உங்க டியூப்ல பாதரசம் கொஞ்சம் கூட. வீட்டுல உங்களைச் சகிச்சுக்கறேன், இங்க முடியாது" என்று எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டாள். சிரிப்பு அடங்கவே நேரமானது.

ஆர்டருக்கு முன்னால், பியூஸ் போன டியூப்புகளை மறுசுழற்சிக்கு அனுப்பி வைக்கக் கிடங்குக்குப் போனாள். பெட்டியைத் திறந்தாள். மாதிரிக்காக ஒரு மாடியில் அவள் மாட்டச் சொன்ன அதே டியூப்புகள், முனை கறுத்து, பெட்டி நிறையக் கிடந்தன. அடுத்த மாடியில் கணவன் கொடுத்த மாதிரிகளை மாட்டியிருந்தார்கள். அதிலிருந்து ஒன்றுகூட இந்தப் பெட்டிக்கு வரவில்லை.

அவனுடையது ஒன்று எரிந்து முடிவதற்குள் இவளுடையது மூன்று போகும் போலிருந்தது. மூன்றிலும் உள்ள பாதரசத்தைக் கூட்டினால்? படிக்கட்டில் ஓடினாள். சான்றிதழ் விதியை மறுபடி படித்தாள். பாதரசத்தை வெளிச்சத்தோடும் ஆயுளோடும் சேர்த்துத்தான் பார்ப்பார்களாம். ஆயுள் என்ற சொல்லை இத்தனை நாளும் கண் தாண்டிப் போயிருக்கிறது. கணக்குப் போட்டாள். கணவனின் டியூப் வரம்புக்குள் சுலபமாக வந்தது; அவள் தேடிப் பிடித்தது வரவில்லை. சந்தோஷத்தோடு போனை எடுத்தாள்.

"ஏங்க, உங்க டியூப்தான் ஜெயிச்சுது."

"அப்படி வா வழிக்கு."

"ஆனா ஆர்டர் உங்களுக்கு இல்ல. புருஷன்கிட்ட வாங்கினாள்னு பேச்சு வந்தா எல்லாம் வீணாப்போயிடும். உங்க கம்பெனியோட இன்னொரு ஏஜெண்ட்கிட்ட வாங்கறேன்."

"அந்த ஆளா?"

அவனுக்கும் அந்த ஆளுக்கும் ஆகவே ஆகாது. 

"சரி, வாங்கு" என்றான் கடைசியில். "ஆனா டப்பாவைப் பிரிச்சு, டியூப்ல தேதி பாத்து வாங்கு. பழைய சரக்குல பாதரசம் அதிகம், அதை உன் தலையில கட்டப் பாப்பான்."