முத்திடுச்சு என்று சொன்னேன்

1

நான் செய்த ஒரு தவறிலிருந்து பிறந்த கதை இது. மருத்துவமனையில் மொழிபெயர்ப்பாளர் வேலை எனக்கு. டாக்டருக்குத் தமிழ் தெரியாது. குழந்தையைப் பெற்ற கணவன் மனைவிக்குத் தமிழ் மட்டும்தான் தெரியும். நடுவில் நான்.

‘கண்ணாடிப் பெட்டிக்குள் ஒரு நிலவைப் போல...’

(இந்த வரியை அடித்துவிட்டேன். குழந்தை நிலவைப் போல இல்லை. சிவந்து, சுருங்கி, என் முழங்கை நீளமே இருந்தாள்.)

ஏழாம் மாதத்திலேயே பிறந்தவள். ஆறு வாரமாகத் தொண்டையில் குழாய். மூச்சு விட்டது இயந்திரம்தான்.

2

அன்று காலை எக்ஸ்ரேயைப் பார்த்த டாக்டர், நுரையீரல் ‘மெச்சூர்’ ஆகிவிட்டது, குழாயை எடுக்கலாம் என்றார்.

மெச்சூர்: முழுதாக வளர்ந்த. பள்ளியில் படித்த அர்த்தம். தமிழில் அதற்குச் சொல் ஏராளம். ஆனால் முதிர்ந்தது என்றால் வயதாகிவிடுகிறது, கனிந்தது என்றால் பழமாகிவிடுகிறது. நான் அவசரத்தில், “நுரையீரல் முத்திடுச்சும்மா. குழாயை எடுத்துடலாம்னு சொல்றாங்க” என்றேன்.

தேங்காய் முற்றும், நெல் முற்றும். நோயும் முற்றும் என்பது அப்போது தோன்றவில்லை.

அந்த அம்மா நாற்காலியைத் தேடிக் கையை நீட்டினாள். கணவர் மெதுவாகக் கேட்டார்: “இனிமே ஒண்ணும் பண்ண முடியாதா? அதான் எடுக்கறாங்களா?”

3

(உடனே திருத்திவிட்டதாக எழுதிப் பார்த்தேன். பொய்.)

“தப்பா சொல்லிட்டேங்க. வளந்துடுச்சு. முழுசா வளந்துடுச்சு. இனிமே அவளே மூச்சு விடுவா.”

“என் மூஞ்சியப் பாத்துச் சொல்லுங்க” என்றாள் அந்த அம்மா.

பார்த்துச் சொன்னேன்.

4

குழாய் வெளியே வந்தது. விலா எலும்புகளுக்கு இடையே தோல் உள்வாங்கியது, மார்பு எழுந்தது, மறுபடியும் எழுந்தது. யாரும் செய்யவில்லை, அதுவாக.

பிறகு அழுதாள். ஊதுகுழலுக்குள் தண்ணீர் போனதுபோல ஒரு கரகரப்பு. குழாய் இருந்தவரை அழுகை சத்தமாக வெளியே வரவே இல்லை. வாய் மட்டும் கோணும்.

“இதுவா அவ குரல்?” என்றார் கணவர்.

“நம்மளத் திட்டுறா” என்றாள் அவள்.

என்ன சொல்கிறார்கள் என்று டாக்டர் என்னைக் கேட்டார். சம்பளம் வாங்குவதே அதற்குத்தான். ஆனால் அதை மட்டும் மொழிபெயர்க்காமல் குழந்தையைக் காட்டினேன்.

5

மூன்று முடிவுகள் எழுதிக் கிழித்தேன். அவர்கள் வீட்டுக்குப் போன நாளில் எனக்கு விடுமுறை. அதன்பின் எதுவும் தெரியாது. அவளுக்கு இப்போது எத்தனை வயது என்பதை நீங்களே முடிவு செய்யுங்கள். அந்த வயதில் ஒருத்தி உங்கள் மாடிப்படியில் நின்று ஊரே கேட்கக் கத்தினால், கதவைச் சாத்துமுன் கொஞ்சம் நின்று கேளுங்கள். அது அவள் குரலாக இருக்கலாம்.