பின்பக்கத்து மங்கு

மலாக்காவை விட்டுப் போவதற்கு நல்லமுத்து சொன்ன காரணங்களைக் கேட்டால் யாருக்கும் சிரிப்பு வரும். செலண்டாரில் காற்று நல்ல காற்றாம். கிணற்றுத் தண்ணீர் இளநீர் மாதிரியாம். தோட்டத்து மனிதர்கள் சூதுவாது தெரியாதவர்களாம். ஒரு நாள் பஸ் ஏறிப் போய், ஒரு சீன முதலாளியிடம் கடைவீட்டைப் பேசி முடித்துவிட்டு, பொழுது சாய்வதற்குள் திரும்பி வந்த மனிதர் கண்டுபிடித்த சங்கதிகள் இவை.

உண்மைக் காரணம் ஊருக்கே தெரியும். ரப்பர் விலை படுத்துவிட்டது. மலாக்கா ஆற்றில் தொங்காங் படகுகள் சரக்கில்லாமல் கட்டிக் கிடந்தன. மூட்டை தூக்குகிறவர்களை நம்பித்தான் நல்லமுத்து அங்கே தேத்தண்ணிக் கடை போட்டிருந்தான். தூக்க மூட்டையே இல்லாதவன் தேத்தண்ணிக்கு எங்கே வருவான்? தோட்டத்தில் சம்பளத்தைக் குறைத்தாலும் ஆளாவது இருக்கும், ஆள் இருந்தால் தேத்தண்ணி குடிப்பான் என்று அவன் போட்ட கணக்கில் தப்பில்லை. கணக்கில் வராத ஒன்றுதான் அவனைக் கவிழ்த்தது.

நல்லமுத்து அந்த ஆற்றங்கரையிலேயே பிறந்து வளர்ந்தவன். மலாய்க்காரர், சீனர், செட்டி, தமிழர் என்று எல்லோரும் ஒரே பெஞ்சில் இடித்துக்கொண்டு உட்கார்ந்து, ஒரே டம்ளர்களில் குடித்துவிட்டுப் போன கடை அவனுடையது. நீ என்ன சாதி என்று அங்கேயும் கேட்டவர்கள் உண்டு. பதிலுக்குக் காத்திருக்க அவர்களுக்கு நேரம் இருந்ததில்லை, அவ்வளவுதான்.

அவன் மனைவி இருசம்மாளுக்கும் அவனுக்கும் சனம் ஒன்றுதான், கதை வேறு. அவள் ஜாசின் பக்கத்து ரப்பர்த் தோட்டம் ஒன்றில், தீண்டக்கூடாது என்று ஒதுக்கி வைத்தவர்களின் கீழ்லயத்தில், அதாவது கூலிகள் குடியிருக்கும் வரிசை வீடுகளின் கீழ்க்கோடியில், பிறந்தவள். கல்யாணமாகி மலாக்காவுக்கு வந்த புதிதில் தெருக்குழாய்க்குப் போனவள், மற்றவர்கள் பிடித்து முடிக்கட்டும் என்று தள்ளி நின்றாள். பின்னால் நின்ற சீனத்தி ஒருத்தி அவள் குடத்தைப் பிடுங்கிக் குழாயடியில் வைத்து, ஏன் மரம் மாதிரி நிற்கிறாய் என்று மலாயில் திட்டினாள். அவ்வளவு இனிப்பான திட்டை இருசம்மாள் அதற்கு முன்னும் வாங்கியதில்லை, பின்னும் வாங்கியதில்லை.

அதனால்தான் செலண்டார் என்றதும் அவள் கைவேலையைப் போட்டுவிட்டு அவன் எதிரே வந்து நின்றாள்.

"தோட்டத்துப் பக்கம் வேணாங்க. பட்டினி கிடந்தாலும் இங்கயே கிடப்போம்."

"நாம என்ன தோட்டத்துக்கா போறோம், இருசு? டவுனுக்குப் போறோம். கடைத்தெரு, போலீஸ் ஸ்டேசன் எல்லாம் இருக்கு."

"சுத்தி இருக்கிறது தோட்டந்தானே? அங்க பேரை அப்புறந்தான் கேப்பாங்க. முதல்ல கேக்கிறது வேற."

"கேட்டா சொல்லிட்டுப் போறோம்," என்றான் நல்லமுத்து. நகரத்துக்காரனுக்கு எல்லாமே சுலபம்.

சொல்லிட்டுப் போறோம் என்றவன் சொன்ன லட்சணத்தை இனிமேல் கேளுங்கள்.

செலண்டாரில் ஒரே ஒரு கடை வரிசை. கடை திறந்த அன்று பக்கத்துத் தோட்டத்துக் கங்காணி பெரியதம்பி ஆட்களோடு வந்தார். தடித்த மனிதர், தலைப்பாகை, கோட்டு, கையில் குடை. தோட்டத்தில் துரைக்கு அடுத்தபடி அவர் வாக்குத்தான். அவர் போகும் கடைக்குத்தான் ஆட்கள் போவார்கள், அவர் ஒதுக்கிய கடையில் ஈ ஓட்ட வேண்டியதுதான். அவர் பெஞ்சில் உட்காரவில்லை. நின்றபடியே நெற்றியில் திருநீறு பூசியிருந்த நல்லமுத்துவை மேலும் கீழும் பார்த்தார்.

"தம்பி எந்தச் சனம்?"

நல்லமுத்துவின் வாயில் பதில் இருந்தது. ஆனால் கங்காணிக்குப் பின்னால் முப்பது பேர் நின்றார்கள். மலாக்காக் கடையின் சாமான்களை விற்றாகிவிட்டது, திரும்பிப் போக இடமில்லை. கையிலிருந்த டம்ளரைத் துடைக்க ஆரம்பித்தான்.

"மேல்லயத்துச் சனந்தானே? முகத்தைப் பார்த்தாலே தெரியுதே," என்றார் கங்காணி அவராகவே.

"ஆமாங்க," என்றான் நல்லமுத்து.

அடுப்படியில் இருந்த இருசம்மாள் காதில் அது விழுந்தது. ஒரு சொல்தான். அதற்குள் அவர் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார், ஆட்களும் உட்கார்ந்துவிட்டார்கள், டம்ளருக்குக் கை நீண்டுவிட்டது. ஊற்றாமல் என்ன செய்வாள்?

மறுநாள் கங்காணி ஒரு சாக்கு கொடுத்தனுப்பினார். பிரித்தால், மங்குகள். ரப்பர் மரத்தில் பால் வடியக் கட்டி வைக்கும் மண் கிண்ணத்துக்குத் தோட்டத்தில் மங்கு என்று பேர். விளிம்பு உடைந்து, மரத்துக்கு ஆகாது என்று கழித்துப் போட்டவை. கடைக்குப் பின்னால் ஒரு பலகை அடித்து அதில் இவற்றைக் கவிழ்த்து வைக்க வேண்டுமாம். கீழ்லயத்து ஆட்கள் பின்பக்கமாக வந்து ஆளுக்கொன்று எடுத்து நீட்டுவார்கள். கை படாமல் உயரத் தூக்கி ஊற்ற வேண்டும். குடித்ததும் அவர்களே கழுவிக் கவிழ்த்து வைத்துவிட்டுப் போவார்கள். இதுதான் இங்கே பழக்கம், டவுனிலிருந்து வந்த தம்பிக்குத் தெரியாதே என்று சொல்லி அனுப்பியிருந்தார். பெரிய உபகாரம்!

"இதுல நான் ஊத்த மாட்டேன்," என்றாள் இருசம்மாள்.

"கொஞ்ச நாள் பொறு. கடை நிலைக்கட்டும்."

"எங்கப்பா இப்படி ஒண்ணுல குடிச்சுக் குடிச்சே செத்தாரு. அந்த மனுசன் பொண்ணு கையாலயே ஊத்தச் சொல்றீங்களா?"

"அப்ப நாளைக்கே போய் உண்மையைச் சொல்லிடவா? சொல்றேன். அப்புறம் எங்க போறதுன்னு நீயே சொல்லு."

 வேலையில்லாதவர்களைக் கப்பலேற்றி இந்தியாவுக்கு அனுப்பிக்கொண்டிருந்த காலம் அது. அவளோ இந்தியாவைக் கண்ணால் கண்டதில்லை. அன்று சாயங்காலம் நல்லமுத்துவே பலகை அடித்தான். ஆணி கோணியபோது அவன் திட்டிய திட்டெல்லாம் ஆணியைத்தானா என்று சொல்வதற்கில்லை.

கடை நிலைத்தது. நன்றாகவே நிலைத்தது. முன்பக்கம் அவன் ஊற்றினான், பின்பக்கம் அவள் ஊற்றினாள். கீழ்லயத்துப் பெண்கள் அவளை அம்மா என்று கூப்பிட்டார்கள். தன் தாய் வயதுக் கிழவிகள் குனிந்து மங்கை நீட்டும்போது இருசம்மாளுக்கு நெஞ்சு எரியும். கை படாமல் ஊற்றச் சொல்லியிருந்தார்களா, அவள் வேண்டுமென்றே விரல் படும்படி ஊற்றினாள். அந்தக் கிழவிகள் பதறிப்போய், அம்மாவுக்குத் தீட்டுப் பட்டுவிட்டதே என்று அவளுக்காக வருத்தப்பட்டார்கள். அதற்கப்புறம் அதையும் விட்டுவிட்டாள்.

அவளுக்குக் கூடப்பிறந்தவன் ஒருவன்தான், தம்பி முனியாண்டி. இன்னும் ஜாசின் பக்கத்துத் தோட்டத்திலேயே ரப்பர் மரத்தைக் கீறிப் பால்வெட்டிக்கொண்டிருந்தான். மலாக்காவில் இருந்தபோது தீபாவளிக்குத் தீபாவளி வந்து, அக்கா கையால் சாப்பிட்டு, மாமனோடு கடையில் நின்று டம்ளர் கழுவிக் கொடுத்துவிட்டுப் போவான். செலண்டாருக்கு வந்ததை மட்டும் அவனுக்குச் சொல்லியனுப்பினாள். வா என்று சொல்லியனுப்பவில்லை. வந்தால் கீழ்லயத்துப் பையன் என்று இரண்டு பேச்சில் தெரிந்துவிடும். தெரிந்தால் கடை போய்விடும். அந்தத் தீபாவளிக்கு அவள் பலகாரம் சுடவில்லை. ஏன் என்று நல்லமுத்துவும் கேட்கவில்லை.

கூப்பிடாவிட்டால் வராமல் இருக்க அவன் என்ன விருந்தாளியா? அவன் வேலை செய்த தோட்டத்தை மூடிவிட்டார்கள். பிழைப்புத் தேடி அலைந்தவனைப் பெரியதம்பிக் கங்காணியே தன் தோட்டத்துக்கு எடுத்துக்கொண்டார், கீழ்லயத்தில் ஒரு அறையும் கொடுத்தார். ஆஹா, அக்கா இருக்கிற ஊர் என்று அவன் துள்ளிக்கொண்டு வந்திருப்பான்.

சம்பளத்துக்கு மறுநாள் ஞாயிற்றுக்கிழமை, கடை நிறைய ஆள். கங்காணி நடு பெஞ்சில் உட்கார்ந்து விலைவாசி பேசிக்கொண்டிருந்தார். முனியாண்டி தலையை வாரி, வெள்ளைச் சட்டை போட்டு, முன்வாசல் வழியாக நேரே வந்தான். மாமனைப் பார்த்ததும் முகமெல்லாம் பல்லாக, பெஞ்சில் கங்காணிக்குப் பக்கத்தில் இருந்த காலி இடத்தில் உட்கார்ந்தான். மலாக்காவில் உட்கார்ந்து பழகிய பையன்.

"டேய்!" கங்காணி எழுந்துவிட்டார். "எங்கடா உக்கார்றே? கீழ்லயத்துக்காரன் உக்கார்ற இடமா இது?"

 இருசம்மாள் அடுப்படியிலிருந்து ஓடி வந்து கதவருகே நின்றுவிட்டாள். நல்லமுத்துவின் கையில் ஆவி பறக்க ஒரு டம்ளர். மச்சினனுக்காகத்தான் நிரப்பியிருந்தான் பாவி, பழக்க தோஷத்தில். எல்லோரும் அவனைப் பார்த்தார்கள். கடைக்காரன் என்ன சொல்கிறான் என்று அவர்களுக்குத் தெரிய வேண்டும்.

"பின்னால போப்பா," என்றான் நல்லமுத்து. முன்பின் தெரியாத ஆளிடம் சொல்கிற மாதிரி.

முனியாண்டி அவனைப் பார்த்தான். கதவருகே நின்ற அக்காவைப் பார்த்தான். அவள் வாயைத் திறந்தாள். என் தம்பி என்று ஒரு வார்த்தை, அவ்வளவுதான் வேண்டியிருந்தது. வரவில்லை. அவன் அதற்குள் எல்லாவற்றையும் புரிந்துகொண்டான். தோட்டத்தில் வளர்ந்தவனுக்கு இதை யாரும் விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

"தெரியாமப் பண்ணிட்டேங்க முதலாளி. ஊருக்குப் புதுசு," என்று மாமனைக் கும்பிட்டுவிட்டு எழுந்து சுற்றிக்கொண்டு போனான்.

பின்பக்கம் அவன் மங்கை எடுத்து இரண்டு கையாலும் நீட்டினான். இருசம்மாள் ஊற்றினாள். பாதி அவன் கையில் கொட்டியது. சூடு பொறுத்துக்கொண்டு நின்றான்.

"தம்பி…" என்றாள்.

"பேசாம ஊத்துக்கா. பாக்கிறாங்க," என்றான் உதடு அசையாமல்.

முன்பக்கத்தில் கங்காணி இன்னொரு தேத்தண்ணி கேட்டார். இந்தக் காலத்தில் கடைக்காரர்களுக்கு இப்படிக் கட்டுத்திட்டம் இருக்க வேண்டும் என்று பாராட்டினார். நல்லமுத்து சிரித்தான். அந்தச் சிரிப்புக்கு அவனை அடித்தே போட்டிருக்கலாம் என்று இருசம்மாளுக்கு ஆத்திரம் வந்தது. வாயை மூடிக்கொண்டு நின்ற தன்னை என்ன செய்வது என்றுதான் அவளுக்குத் தெரியவில்லை.

அன்று இரவு அவர்கள் இருவரும் சாப்பிடவில்லை, சண்டையும் போடவில்லை. மறுநாள் காலையில் அடுப்பைப் பற்ற வைத்தார்கள்.

முனியாண்டி தினமும் வந்தான். மற்ற ஆட்களோடு வந்து, மற்றவர்களைப் போலவே நின்று, குடித்துவிட்டுப் போனான். கூட இருந்தவர்கள் புதுக் கடைக்கார அம்மா நல்ல அம்மா என்று சொன்னால், ஆமாம் நல்ல அம்மா என்பான். தனியாக ஒரு தரம் பேச வேண்டும், காலில் விழுந்தாவது பேச வேண்டும் என்று இருசம்மாள் காத்துக்கொண்டிருந்தாள்.

அடை மழை பிடித்த ஒரு மத்தியானம் அது வாய்த்தது. மழையென்றால் பால்வெட்டு இல்லை. கடைத்தெருவில் ஒரு நாய்கூட இல்லை. முனியாண்டி தலையில் சாக்கைப் போட்டுக்கொண்டு பின்பக்கம் தனியாக வந்து நின்றான். இருசம்மாள் முன்பக்கத்து டம்ளர் ஒன்றைத் துடைத்து, பாலும் சீனியும் தாராளமாகப் போட்டு எடுத்துக்கொண்டு ஓடி வந்தாள்.

"உள்ள வாடா. யாரும் இல்ல. மாமனும் தூங்குறாரு. வா, வந்து உக்காந்து குடி."

அவன் டம்ளரைப் பார்த்தான். பலகையிலிருந்து ஒரு மங்கை எடுத்து மழைத்தண்ணீரில் அலசினான்.

"இதுலயே ஊத்துங்க," என்றான்.

"கோவமாடா? என்னை ரெண்டு அடி வேணாலும் அடிச்சுரு. இதை வாங்கிக் குடிடா."

"கோவமெல்லாம் இல்ல. டம்ளர்ல குடிச்சுப் பழகிட்டா, நாலு பேரு நிக்கிறப்ப கை தன்னால அதுக்குப் போயிரும். அன்னிக்கு அப்படித்தானே போயி உக்காந்தேன். கடை போயிருமில்ல?"

"சரி, மங்குலயே ஊத்துறேன். அக்கான்னு ஒரு தடவை கூப்பிடுடா. ஒரே ஒரு தடவை. இந்த மழையில யாருக்குக் கேக்கப் போகுது?"

முனியாண்டி மங்கை இரண்டு கையாலும் நீட்டினான். அவள் டம்ளரில் இருந்ததை அதில் கவிழ்க்கும் வரை காத்திருந்தான்.

"வாயும் கை மாதிரித்தாங்கம்மா," என்றான்.