இரண்டாம் பாகத்துக்கு மஞ்சள் தண்ணீர்

"அந்தச் சனியனக் கொண்டுபோய்க் குடுத்துட்டு வந்து சோத்துல கைய வையி."

கருப்பம்மாள் கஞ்சிக் கும்பாவைக் கீழே வைக்கவில்லை. கையில் பிடித்தபடி நின்றாள். தவசி புத்தகத்திலிருந்து தலையைத் தூக்காமல், "இன்னும் கொஞ்சந்தான் கெடக்கு புள்ள" என்றான்.

"மண்டிப் பக்கம் வராதேன்னுட்டாக. அது தெரிஞ்சுமா உக்காந்து படிக்கிற?"

"இதுக்குத்தான நிறுத்துனாக? இப்பப் படிக்காமக் குடுத்தா, வேலையும் போயி கதையும் போயிரும்."

இப்படி ஒரு மனுசனோடு என்ன பேசுவது?

போடியில் ஏலக்காய் மண்டி வைத்திருக்கும் திருமலைசாமியிடம்தான் இருவருக்கும் பிழைப்பு. மலையிலிருந்து வரும் மூட்டைகளை இறக்கி வைப்பதும், கோணி தைத்து ஏற்றி அனுப்புவதும் தவசியின் வேலை. முதலாளி வீட்டுப் பின்முற்றத்தில் காய் பொறுக்குவது கருப்பம்மாளின் வேலை. உலர்ந்த காயில் பொட்டுத் தண்ணீர் படக்கூடாது. பட்டால் பச்சை நிறம் போய்ப் பூசணம் பிடித்துவிடும். கை ஈரத்தோடு முறத்தைத் தொட்டதற்காக விரட்டப்பட்ட பெண்கள் உண்டு. சேரிப் பெண்கள் ஒவ்வொன்றாக விரலில் புரட்டிப் பார்த்து ஒதுக்கிய காய்தான் ஊர்ப் பாயசத்திலெல்லாம் மணக்கிறது. அதற்கு மட்டும் தீட்டு கிடையாது.

அதே திருமலைசாமிதான் தமிழன்பர் வாசகசாலைக்கும் தலைவர். ஞாயிறு மாலையானால் அங்கே கூட்டம். ஒவ்வொருவராக எழுந்து, தான் இப்போது என்ன படிக்கிறேன், அது தேறுமா தேறாதா என்று சொல்ல வேண்டும். கேட்டுப் பிடித்துப்போனவர் கையை நீட்டினால், புத்தகம் அந்தக் கைக்குப் போகும். 'முதலில் கேட்டவருக்கே நூல்' என்று சுவரில் கொட்டை எழுத்தில் எழுதி வைத்திருந்தார்கள்.

தீண்டாமையைக் குற்றமாக்கிச் சட்டம் வந்த வருடம், ஆண்டு விழாவுக்கு ஒரு பெரிய அதிகாரி வந்தார். அவருக்குக் காட்ட, சேரியிலிருந்து ஓர் உறுப்பினர் தேவைப்பட்டார். எட்டாவது வரை படித்திருந்த தவசிக்கு மாலை போட்டுச் சேர்த்துக்கொண்டார்கள். அதிகாரி போனார், மாலை வாடியது, தவசி மட்டும் போகவில்லை. அடுத்த ஞாயிறும் வந்து உட்கார்ந்தான், அதற்கடுத்த ஞாயிறும் வந்தான். அதுதான் யாருக்கும் பிடிக்கவில்லை.

அவன் எழுந்து ஒரு புத்தகத்தைப் பற்றிச் சொன்னால் கேட்பார்கள். சிரிக்க வேண்டிய இடத்தில் சிரிக்கவும் செய்வார்கள். சொல்லி முடித்துப் புத்தகத்தை நீட்டினால் ஒரு கையும் எழாது. செயலாளர் பால்பாண்டி மேசையைக் கண்ணால் காட்டுவார். மேசையிலிருந்து அது அலமாரியின் அடித்தட்டுக்குப் போகும். பிறகு அதைத் தொடுவாரில்லை.

பால்பாண்டி ஜவுளிக்கடைக்காரர், கெட்டிக்காரர். இதிலும் ஒரு லாபம் கண்டுபிடித்தார். கோயில் நுழைவு, சமபந்தி என்று எவராவது புத்தகம் அனுப்பிவைத்தால், "தவசி, இது ஒனக்குன்னே வந்த புத்தகம்ப்பா" என்று சிரித்த முகத்தோடு அவனிடம் முதலில் கொடுத்துவிடுவார். அப்புறம் அதை ஊரில் யார் படிக்கப்போகிறார்கள்? ஒருநாள் குனிந்து அந்த அடித்தட்டைப் பார்த்தபோதுதான் தவசிக்கு உறைத்தது.

"நான் தொட்டா அது செத்துப்போகும்னு தெரிஞ்சே என் கையில குடுக்குறாக கருப்பு" என்றான் வீட்டில்.

"குடுக்குறத வாங்கிட்டுப் பேசாம இரு" என்றாள் அவள்.

பேசாமல்தான் இருந்தான், அந்த நாவல் வருகிற வரைக்கும். ஆற்று வெள்ளத்தில் தொட்டிலோடு போன ஒரு குழந்தையின் கதை அது. முதல் பாகம் வாசகசாலையைச் சுற்றிவிட்டு, உறுப்பினர்களின் வீட்டு அடுப்படிகளையும் சுற்றி வந்தது. தொட்டில் ஒரு சுழலில் சிக்கி நிற்கிறது, இருட்டுக்குள்ளிருந்து ஒரு கை வந்து அதைத் தொடுகிறது, அவ்வளவுதான் முதல் பாகம். அது யார் கை, குழந்தை பிழைத்ததா என்று ஊரில் பேசாதவர்கள் இல்லை.

இரண்டாம் பாகம் மதுரையிலிருந்து பஸ்சில் பார்சலாக வந்தது. அதைத் தலையில் தூக்கி வந்து வாசகசாலையில் இறக்கியவன் தவசிதான். கட்டுப் பிரியாத வரைக்கும் அவன் தொட்டதில் ஒருவருக்கும் ஆட்சேபணை இல்லை. கூட்டத்தில் கட்டைப் பிரித்ததும் எல்லோருக்கும் முந்தி அவன் எழுந்தான்.

"இந்த வாரம் நான் இதைத்தான் படிக்கப்போறேன். குடுங்கண்ணே."

எல்லோரும் சுவரில் இருந்த எழுத்தைப் பார்த்தார்கள். அவர்கள் எழுதியதுதான், அழிக்க நேரமில்லை. பால்பாண்டி புத்தகத்தை மேசைமேல் போட்டார். தவசி எடுத்துக்கொண்டான். மறுநாள் காலையில் மண்டிக் கதவு அவனுக்குச் சாத்தப்பட்டது.

கருப்பம்மாள் கடைசியில் கும்பாவைக் கீழே வைத்தாள். பட்டினி போட்டா திருத்த முடியும்? அவன் கஞ்சியைக் குடித்துவிட்டு மிச்சத்தை வாய்விட்டுப் படித்தான். அவள் கோபமாகவே உட்கார்ந்து கீரை ஆய்ந்தாள். காது மட்டும் அவன் பக்கம் இருந்தது. தொட்டிலைத் தொட்ட கை யாருடையது என்று தெரிந்த இடத்தில், ஆய்ந்த கீரையையும் குப்பையையும் ஒன்றாகப் போட்டுவிட்டாள். முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு, "இன்னொருவாட்டி படி" என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை தவசி எழுந்து நின்றான். "அருமையான புத்தகம். ஒருத்தர் விடாம எல்லாரும் படிக்கணும்" என்று நீட்டினான். அத்தனை பேரும் அந்தப் புத்தகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். கை எழவில்லை.

"கதைய மட்டும் வாயால சொல்லிரு தவசி" என்றார் பால்பாண்டி.

"புத்தகத்துல இருக்குண்ணே."

"திமிரப் பாத்தீகளா இவனுக்கு" என்றார் திருமலைசாமி. ஆனால் கூட்டம் கலைந்ததும், அந்தப் புத்தகத்தைச் செய்தித்தாளில் சுற்றித் தரச்சொல்லி வீட்டுக்குக் கொண்டுபோனவரும் அவரேதான்.

மறுநாள் கருப்பம்மாள் காய் பொறுக்கப் போனபோது, முற்றத்து வெயிலில் அந்தப் புத்தகம் விரிந்து கிடந்தது. மேலே ஒரு கல். தீட்டுக் கழிய மஞ்சள் தண்ணீரைத் தெளித்தால் போதாது என்று செம்போடு ஊற்றியிருந்தார்கள் போலும். அட்டை உப்பிப்போய், தாளெல்லாம் மஞ்சளாகி ஒட்டிக்கொண்டிருந்தது. மதியத்துக்குள் முதலாளி வந்து பிரித்துப் பார்த்தார். முன்பக்கங்கள் பிரிந்தன. கடைசி அத்தியாயங்கள் கூழாகிக் கையோடு வந்தன. கேட்டு எழுதியதற்கு, மதுரையில் வேறு பிரதி இல்லை, மறுபதிப்பு எப்போது என்று சொல்வதற்கில்லை என்று கடைக்காரர் பதில் எழுதிவிட்டார்.

தவசிக்கு வேலை கிடைக்கவில்லை. மலை எஸ்டேட்டுக்கு ஆள் பிடிக்கும் கங்காணியிடம் சொல்லி வைத்தான். மழையும் அட்டைக்கடியும் குளிருமாகக் கிடக்கும் அந்த மேட்டை நினைத்தாலே கருப்பம்மாளுக்கு நடுங்கியது. இப்படி அவள் நடுங்கிக்கொண்டிருந்த ஒரு பகல்வேளையில்தான் முதலாளியின் மனைவி சந்திரவல்லி பின்வாசலுக்கு வந்தாள்.

"ஏ கருப்பம்மா, ஒம்புருசன் ஒனக்கு அந்தக் கதையச் சொன்னானா?"

"படிச்சே காட்டுனாரு."

சந்திரவல்லி உள்பக்கம் ஒருமுறை திரும்பிப் பார்த்துக்கொண்டாள். "அந்தப் புள்ள பொழச்சுதா? தொட்டிலத் தொட்டது யாரு?"

கருப்பம்மாள் முறத்தை மடியிலிருந்து இறக்கினாள். உருட்டி எடுத்த முதல்தரக் காய் அதில் விளிம்பு தட்ட இருந்தது.

"சொல்லிரு. நாளைக்கே அவன வேலைக்கு வரச்சொல்லுறேன். அவுகளுக்கும் முடிவு தெரியாம இருப்புக் கொள்ளல" என்றாள் சந்திரவல்லி.

ஒரு வார்த்தை போதும். மண்டி திறக்கும், மலைக்குப் போக வேண்டாம். சொல்லிவிடத்தான் கருப்பம்மாள் வாயெடுத்தாள். காய்த்தூசியில் தொண்டை கட்டியிருந்தது.

"ஒரு செம்பு தண்ணி குடுங்க முதலாளியம்மா. குடிச்சிட்டுச் சொல்றேன்."

சந்திரவல்லி உள்ளே போய் ஒரு கையில் செம்பும் இன்னொரு கையில் தேங்காய்ச் சிரட்டையுமாக வந்தாள். சிரட்டையைக் கீழ்ப்படியில் வைத்துவிட்டு, செம்பை உயரத் தூக்கி அதில் ஊற்றினாள். எப்போதும் அப்படித்தான். இந்த வீட்டில் கருப்பம்மாள் இத்தனை வருடமும் அதே சிரட்டையில்தான் குடித்தாள், ஒருநாளும் ஒன்றும் தோன்றியதில்லை. இன்றைக்கு ஏனோ கல்லுக்கடியில் உப்பிக் கிடந்த அந்தப் புத்தகம் ஞாபகத்துக்கு வந்தது. நம் வாயிலிருந்து வருகிற கதை வேண்டும், நம் வாய் பட்ட செம்பு ஆகாது.

சிரட்டையை எடுத்தாள். குடிக்கவில்லை.

"காலையில இருந்து இந்தக் காயையும் நாந்தான் தொட்டேன் முதலாளியம்மா" என்றாள். முறத்தின்மேல், ஒரு காயும் தப்பாதபடி, தண்ணீரை நிதானமாக ஊற்றினாள். "புத்தகத்தக் கழுவுன மாதிரி இதையும் கழுவியாச்சு. இனிமே பயமில்லாமப் பாயசத்துல போடலாம்."

சந்திரவல்லி நனைந்த காயைப் பார்த்தபடி நின்றாள். கருப்பம்மாள் சிரட்டையைப் படியில் கவிழ்த்து வைத்துவிட்டு, சேலைத் தூசியை உதறிக்கொண்டு கொல்லைப் படலைத் திறந்தாள்.

"அப்ப அந்தப் புள்ள பொழச்சுதா, இல்லையா?" என்று பின்னாலிருந்து சன்னமாகக் கேட்டது.

கருப்பம்மாள் திரும்பி நின்றாள்.

"எங்க வீட்டுக்கு வாங்க முதலாளியம்மா. நான் செம்புலயே தண்ணி தர்றேன், குடிச்சிட்டுக் கேளுங்க."