இருபத்து மூன்று நத்தைகள்

மணி அடித்ததும் நடன டீச்சர் பிள்ளைகளை வரிசையில் நிற்க வைத்து எண்ணினாள். இருபத்து மூன்று. ஒவ்வொரு தலையாகத் தொட்டு மறுபடி எண்ணினாள். அப்போதும் இருபத்து மூன்றுதான். வகுப்புக்கு வந்தது இருபத்து நான்கு.

"யாருடா இல்ல?"

"குண்டூசியக் காணோம், டீச்சர்!"

பட்டப்பெயர் அது; இரண்டாம் வகுப்பிலேயே ஒல்லியான பெண். இருக்கிற இடம் தெரியாது.

அந்தப் பள்ளியில் டீச்சருக்கு அது மூன்றாவது வாரம். இப்படிக் கையை வை, இப்படிக் காலை வை என்று சொல்ல மாட்டாள். "மழையா மாறுங்க" என்பாள். பிள்ளைகள் தங்களுக்குத் தோன்றியபடி ஆடுவார்கள். இன்றைக்கு நத்தை. "ஆபத்து வருது, ஓட்டுக்குள்ள போங்க! நத்தைக்குச் சத்தமே வராது" என்று சொல்லிவிட்டு, பாட்டை மாற்றத் திரும்பியிருந்தாள். அரை நிமிடம் இருக்குமா?

பக்கவாட்டுக் கதவு ஆவென்று திறந்து கிடந்தது. வெளியே கேட். கேட்டைத் தாண்டினால் லாரி ஓடும் சாலை.

"என்னைத் தாண்டி ஒரு ஈ கூடப் போகலம்மா" என்றார் வாட்ச்மேன். பிறகு குரல் இறங்கியது. "நடுவுல தண்ணி குடிக்கப் போனேன். ரெண்டே நிமிஷம்."

சாலை ஓரம் வரை ஓடினாள். கழிவறைகளைத் தட்டித் திறந்தாள். பெயர் சொல்லிக் கத்தினாள். திரும்பி வந்தபோது பிள்ளைகளில் பாதிப் பேர் அழுதுகொண்டிருந்தார்கள்.

பல் விழுந்த ஒரு சிறுமி மட்டும் அவள் துப்பட்டாவை இழுத்தாள். "அவ நத்தை ஓட்ட நான் பாத்தேன் டீச்சர். நீலமா, பெருசா இருந்துச்சு."

நீலம். சுவரோரம் சுருட்டி வைத்திருந்த உடற்பயிற்சி மெத்தைகள் நீலம். இப்போது சுவரோரம் காலி. மணி அடித்ததும் அவை சாமான் அறைக்குப் போய்விடும்; டீச்சர் அங்கே ஓடினாள்.

சாமான் அறைக்குள் துப்புரவு அக்கா தள்ளுவண்டியை நிறுத்திக்கொண்டிருந்தார். மூன்று சுருள்கள், ஒன்றின் மேல் ஒன்று.

"இன்னைக்கு என்னமோ கனமா இருந்துச்சுன்னு..." என்று ஆரம்பித்தவர், டீச்சரின் முகத்தைப் பார்த்ததும் மேல் சுருளைப் பிடித்தார். இருவருமாக மேலே இருந்த இரண்டையும் இழுத்துத் தள்ளினார்கள். அடிச் சுருளைப் பிரித்தபோது முதலில் ஒரு சின்னப் பாதம் தெரிந்தது. அது அசையவில்லை. டீச்சர் மீதியை எப்படிப் பிரித்தாள் என்று அவளுக்கே தெரியாது.

வியர்வையில் நனைந்து, முகம் சிவந்து கிடந்தாள் குழந்தை. கன்னத்தைத் தட்டியதும் ஒரு பெரிய மூச்சு வந்தது. பிறகு அழுகை.

"கை மாட்டிக்கிச்சு டீச்சர். கத்தலாம்னு பாத்தேன்... நத்தை கத்தாதுல்ல."

நர்ஸ் வந்து பார்த்தார். ஆபத்து இல்லை என்றார். தலைமையாசிரியை டீச்சரைத் தனியே அழைத்தார். "ஒண்ணும் ஆகலல்ல? அவங்க அம்மாகிட்ட எதுவும் சொல்லிட்டு இருக்காதீங்க."

சாயங்காலம் கேட்டருகே அம்மா வந்தபோது டீச்சர் ஒன்று விடாமல் சொன்னாள். நத்தைக்குச் சத்தமே வராது என்று தான் சொன்னதையும் சேர்த்து.

அம்மா கத்தவில்லை. "எவ்வளவு நேரம்?" என்று மட்டும் கேட்டாள்.

"பதினோரு நிமிஷம்."

டீச்சர் பக்கம் நின்ற குழந்தையை அம்மா மெல்ல இழுத்துத் தன் மறுபக்கம் நிறுத்திக்கொண்டாள். இருவரும் சாலையைக் கடந்து போனார்கள்.