எழுபதில் இரண்டு கழித்தால்

1

இந்தக் கதையை எழுத நான் உட்காராமல் இருந்திருந்தால், இதில் வரும் தவறு யாருக்கும் தெரிந்திருக்காது. என் தங்கை ஞாயிற்றுக்கிழமைப் பந்தயத்துக்கு நிம்மதியாகப் போயிருப்பாள். நானும் ஒழுங்காகச் சாப்பிட்டுக்கொண்டிருப்பேன். எழுதுகிறவனுக்குச் சும்மா இருக்கத் தெரியாது பாருங்கள். ஒரு சின்ன விவரம் சரியாக இருக்கட்டும் என்று ஃபோன் செய்தேன்.

விவரம் இதுதான்: தங்கையின் காலின் உள்ளளவு எத்தனை சென்டிமீட்டர்?

(இன்று வெள்ளி, மத்தியானம். பந்தயம் நாளை மறுநாள். கதையில் ஓடும் நேரமும் என் மேசைக் கடிகாரத்தில் ஓடும் நேரமும் ஒன்றுதான். நீங்கள் குழம்ப வேண்டாம், அதற்கு நான் இருக்கிறேன்.)

2

முதலில் இப்படித் தொடங்கினேன்:

"செங்குத்தான சரிவின் விளிம்பில், காற்று கூந்தலைக் கலைக்க, அவள்"

அடித்துவிட்டேன். ஹெல்மெட்டுக்குள் எந்தக் காற்று புகுந்து எந்தக் கூந்தலைக் கலைக்கும்? அவள் படித்தால் சிரித்தே சைக்கிளிலிருந்து விழுவாள்.

அடுத்தது: "சிட்டு நூற்று நாற்பத்தொன்பது சென்டிமீட்டர் உயரம்."

இது பரவாயில்லை, உண்மையும்கூட. சிட்டு என்பது கூட ஓட்டுகிறவர்கள் வைத்த பெயர். வயது இருபத்தொன்பது. மலைப்பாதையில் சைக்கிள் பந்தயம் ஓட்டுகிறாள், ஆறு வருடமாக. அந்த ஆறு வருடமும் தன்னைவிடப் பெரிய சைக்கிளில் ஓட்டினாள். குழுவுக்கு வரும் சைக்கிள்கள் எல்லாம் யாரோ ஒரு நெட்டைக்காரரை மனதில் வைத்துச் செய்தவை. இறங்கி நின்றால் குறுக்குக் குழாய் இடிக்கும். பிரேக்கை விரல் நுனியால் எட்டிப் பிடிக்க வேண்டும். இறக்கத்தில் உடம்பைப் பின்னால் தள்ளினால் பெரிய பின்சக்கரம் உட்காரும் இடத்தைத் தேய்க்கும். அப்படி இரண்டு கால்சட்டைகள் கிழிந்தன. பயிற்சியாளர் தன் குறிப்பில் "ஏற்றம் நன்று, இறக்கத்தில் பயம்" என்று எழுதினார். சக்கரத்தைப் பற்றி ஒரு வரி எழுதவில்லை. எனக்கு இன்றைக்கும் அந்த ஆள் மேல் கோபம்தான்.

மாநில அணிக்கு ஆறு பேர் எடுப்பார்கள். போன வருடம் சிட்டு ஒன்பதாவது. முப்பது தாண்டியவர்களைப் புதிதாகச் சேர்ப்பதில்லை என்பதால் இந்த ஞாயிறு நடக்கும் தேர்வுப் பந்தயம்தான் அவளுக்குக் கடைசி வாய்ப்பு.

3

ஆறு வாரம் முன்னால் அவளை ஃபிட்டரிடம் கூட்டிப்போனேன். சைக்கிளை ஆளுக்கு ஏற்றபடி பொருத்திக் கொடுப்பதுதான் அவர் தொழில். நாற்பது வயதுப் பெண்மணி. மில்லிமீட்டர் என்ற பட்டப்பெயரைச் சொன்னால்தான் ஊருக்குத் தெரியும். ஒரு திருகை முக்கால் சுற்றுச் சுற்றிவிட்டு, யோசித்து, கால் சுற்றுத் திருப்புகிறவர்.

பட்டறை ஒரு நீள அறை. சுவரில் ஸ்பேனர்கள் வரிசையாகத் தொங்கின, ஒவ்வொன்றின் உருவமும் அதன் பின்னால் பெயின்டில் வரைந்திருந்தது. தரை மட்டும் எண்ணெய்ப் பிசுக்கு.

சின்ன ஃப்ரேம், ஓர் அளவு குறைந்த சக்கரம். ஹேண்டில்பாரின் இரண்டு முனையிலும் இரண்டிரண்டு சென்டிமீட்டர் அறுத்தார். பிரேக்கை விரலுக்குப் பக்கத்தில் கொண்டுவந்தார். குலுக்கலைத் தாங்கும் முன் ஷாக்கில் காற்றை இறக்கினார்.

"நாப்பத்தாறு கிலோவுக்கு எதுக்கு இவ்வளவு காத்து? ஷாக்கே வேலை செஞ்சிருக்காதே. இத்தனை நாள் கல்லு மேல உக்காந்து ஓட்டியிருக்கே."

"அப்ப நான் பயந்தாங்கொள்ளி இல்லையா?" என்றாள் சிட்டு.

"அது எனக்குத் தெரியாதும்மா. சைக்கிள் தப்பு, அது தெரியும்."

ஒரே ஒரு சங்கடம். பட்டனைத் தட்டினால் இறக்கத்தில் தானாகத் தாழ்ந்துகொள்ளும் சீட் வைக்க அந்தக் குட்டி ஃப்ரேமில் இடம் இல்லை. ஏற்றத்துக்கும் இறக்கத்துக்கும் ஒரே உயரம்தான். அந்த உயரம் காலின் உள்ளளவிலிருந்து வரும்.

அளப்பது இப்படி. வெறுங்காலோடு சுவரில் முதுகை ஒட்டி நிற்க வேண்டும். கெட்டி அட்டைப் புத்தகம் ஒன்றைக் கால்களுக்கு நடுவே சீட் போல மேலே இறுக்கிப் பிடிக்க வேண்டும். புத்தகத்தின் மேல் விளிம்பிலிருந்து தரை வரை அளவு. பையில் என் நாவல் இருந்தது, கொடுத்தேன்.*

* அந்தப் புத்தகம் வெளிவந்த நாளிலிருந்து ஒருவருக்குப் பயன்பட்டது இந்த ஒரு தடவைதான்.

டேப்பின் நுனியை மில்லிமீட்டர் புத்தகத்தில் பிடித்துக்கொண்டார். நான் தரையில் மண்டியிட்டு எண்ணைப் பார்க்க வேண்டும். "நுனி ஒடிஞ்ச டேப் சார், ரெண்டு கழிக்கணும்" என்றார். வருடக்கணக்காக அதே டேப், வருடக்கணக்காக அதே கழித்தல். வேறு டேப் வாங்கினால் கை பழகாதாம்.

தரையில் எழுபது காட்டியது. நான் இரண்டைக் கழித்து, "அறுபத்தெட்டு" என்றேன். அவர் நோட்டில் எழுதிக்கொண்டார்.

4

செவ்வாய்க்கிழமை மேலே உள்ள காட்சியை எழுதும்போதுதான் எண் ஞாபகம் இல்லாமல் அவருக்கு ஃபோன் செய்தேன்.

"அறுபத்தாறு சார். நோட்டுல இருக்கு."

நன்றி சொல்லி வைத்துவிட்டேன். பிறகு என் குறிப்பேட்டைப் புரட்டினால், "டேப்பில் 70" என்று என் கையெழுத்து. விரல் விட்டு எண்ணினேன். நான் ஒரு தடவை கழித்தேன். பழக்க தோஷத்தில் அவரும் ஒரு தடவை கழித்திருக்கிறார். சிட்டு வீட்டில் இல்லாத நேரம் பார்த்து, திருடனைப் போல அவள் சைக்கிளை அளந்தேன். சீட் ஏறக்குறைய இரண்டு சென்டிமீட்டர் தாழ்வு.

5

வரைவுகளில் நான் செய்த அயோக்கியத்தனத்தையும் சொல்லிவிடுகிறேன்.

ஒரு வரைவில் தவறு முழுக்க மில்லிமீட்டருடையது. அவர் யாருடனோ பேசிக்கொண்டே எழுதிக்கொண்டார் என்று போட்டேன். பொய், அவர் வேலை நேரத்தில் யாரிடமும் பேசுவதில்லை. இன்னொரு வரைவில் டேப்பை வைத்துக்கொண்டு இரண்டு பக்கத்துக்குத் தத்துவம் பேசினேன். படித்தபோது எனக்கே குமட்டியது. மூன்றாவதில் "நண்பர் ஒருவர்" தரையில் மண்டியிட்டார். அந்த நண்பருக்கு என் கண்ணாடி, என் அவசரம், கேட்காமலே உதவி செய்யும் என் புத்தி, எல்லாம் இருந்தது. யாரை ஏமாற்றுகிறேன்? அவரை வெளியே அனுப்பிவிட்டு நானே மண்டியிட்டேன்.

6

சொல்லித் தொலைக்க வேண்டியதுதானே என்று கேட்பீர்கள். அங்கேதான் எனக்குத் தலை சுற்றுகிறது.

இந்த ஆறு வாரமாகச் சிட்டு இறங்குகிற அழகே தனி. பயிற்சி ஓட்டங்களில் மூன்றாவதாக வருகிறாள். பயிற்சியாளரின் குறிப்பிலிருந்து "பயம்" போய்விட்டது. சீட் தாழ்வாக இருப்பதால்தான் அவளுக்குப் பின்னால் நகர இடம் கிடைக்கிறதா? அல்லது சின்னச் சக்கரமும் அறுத்த ஹேண்டில்பாருமே போதுமா? அவளுக்கே தெரியாது.

நேற்று மில்லிமீட்டரிடம் சுற்றி வளைத்துக் கேட்டேன்.

"சீட் ரெண்டு சென்டிமீட்டர் தாழ்வா இருந்தா என்ன ஆகும்?"

"எங்க?"

"ஒரு கதையில."

"கதையில ஒண்ணும் ஆகாது சார். ஆள்னா முழங்கால் முன்பக்கம் வலிக்கும். ஏத்தத்துல சக்தி வீணாகும்."

"கண்டிப்பாவா?"

"கண்டிப்பான்னு எப்படிச் சொல்றது? சீட் உயரத்துக் கணக்கே நெட்டையானவங்களை வச்சுப் போட்டது. குட்டையானவங்களுக்குக் குத்துமதிப்புதான். உக்காரவச்சு, ஓட்டவச்சுப் பாக்கணும்."

"பந்தயத்துக்கு ரெண்டு நாள் முன்னாடி மாத்தலாமா?"

"பந்தய வாரத்துல ஒரு திருகைக்கூடத் தொடக்கூடாது." நான் வைப்பதற்குள் அவரே கேட்டார். "எந்தக் கதை சார் இது?"

"இன்னும் பேர் வைக்கல" என்று சொல்லி ஃபோனை வைத்தேன்.

7

முடிவுகள், கையில் இருக்கிற வரைக்கும்.

அ. சொல்கிறேன். சிட்டு சீட்டை ஏற்றுகிறாள். ஞாயிறு, இரண்டாம் சுற்று இறக்கத்தில் பழைய பயம் திரும்பி வருகிறது. ஏழாவது இடம். அதற்குப் பிறகு என்னோடு பேசுகிறாள், ஆனால் வானிலை மட்டும்.

ஆ. சொல்லவில்லை. மூன்றாவது வருகிறாள், அணியில் சேர்கிறாள். நான்கு மாதத்தில் முழங்கால் வீங்கி, மருத்துவர் படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து

(இதை முடிக்க முடியவில்லை. மருத்துவர் என்ன சொல்வார் என்று எழுத எனக்குக் கை வரவில்லை.)

இ. சொல்கிறேன். ஏற்றுகிறாள். ஏற்றத்திலும் பறந்து, இறக்கத்திலும் பறந்து, முதலிடம். இது நானாக ஆசைப்பட்டு எழுதியது. நம்ப வேண்டாம்.

8

இந்த இடத்தில் எழுதிக்கொண்டிருந்தபோது வெளியே சைக்கிளைச் சாத்தும் சத்தம். சிட்டு பயிற்சி முடிந்து வந்துவிட்டாள். மாடிக்குப் போய்க் குளித்துவிட்டுக் கீழே வந்தாள். கதவு திறந்திருந்ததால் படிக்கட்டு எனக்குத் தெரிந்தது. கைப்பிடியைப் பிடித்து, உடம்பை ஒருபக்கமாகத் திருப்பி, ஒவ்வொரு படியாக இறங்கினாள். நிமிர்ந்து பார்த்தபோது நான் பார்ப்பது தெரிந்தது. கடைசி இரண்டு படியில் நேராக இறங்கினாள்.

"வலிக்குதா?"

"போன வாரம் விழுந்தேன்ல, அதான். ஞாயித்துக்கிழமை தாண்டிட்டா சரியாயிடும்."

"விழுந்தது இடது பக்கமில்ல? நீ வலது காலைல்ல தாங்கித் தாங்கி வைக்கிறே."

"உனக்கு எல்லாத்துலயும் கணக்கு." அவள் துண்டால் தலையைத் துவட்டிக்கொண்டே மேசையைப் பார்த்தாள். "என்னைப் பத்திதான் எழுதறியாமே. மில்லிமீட்டரம்மா இப்பதான் ஃபோன் பண்ணிச் சொன்னாங்க. அண்ணன் என்னமோ கதைன்னு ரெண்டு சென்டிமீட்டர் கேக்குறாரு, என்னன்னு பாருன்னாங்க."

"இன்னும் முடியல."

"முடியாட்டி என்ன, முடிஞ்ச வரைக்கும் குடு. சாப்பிட்டுட்டு வரேன், எடுத்து வை." சமையலறைக்குப் போகும்போது அவள் நொண்டவில்லை. நொண்டாமல் நடப்பதற்கு மெனக்கெடுகிறாள் என்பது எனக்குத் தெரிந்தது.

அவள் சாப்பிட்டு முடிக்கப் பத்து நிமிடம் ஆகும். அதற்குள் இந்தக் கடைசிப் பகுதி. மற்றவர்கள் இதோடு நிறுத்திக்கொண்டாலும் எனக்கு வருத்தமில்லை, இனி எழுதுவது ஒருத்திக்கு.

9

சிட்டு, இதுவரை படித்திருந்தால் உனக்கே புரிந்திருக்கும். உன் கால் அறுபத்தெட்டு. நோட்டில் இருப்பது அறுபத்தாறு. தவறு பாதிக்கு மேல் என்னுடையது. அதைச் செவ்வாய்க்கிழமையே தெரிந்துகொண்டு மூன்று நாள் வாயை மூடிக்கொண்டிருந்தேன், அது முழுக்க என்னுடையது. நீ ஜெயிக்க வேண்டும் என்று இருந்தேனா, உனக்கு என் மேல் கோபம் வரக்கூடாது என்று இருந்தேனா, எனக்கே விளங்கவில்லை.

ஏற்றச் சொல்லவா, விடச் சொல்லவா, அதுவும் தெரியவில்லை. வலி எவ்வளவு என்று நீ யாரிடமும் உண்மையைச் சொல்வதில்லை. அந்த அளவு உன்னிடம் மட்டும்தான் இருக்கிறது. மில்லிமீட்டர் ஆறு மணி வரை பட்டறையில் இருப்பார். நீ போவதாக இருந்தால் நானும் வந்து அவர் முன்னாலேயே ஒப்புக்கொள்கிறேன். போகவில்லை என்றாலும் ஞாயிற்றுக்கிழமை நான் அங்கே நிற்பேன். கோபத்தில் வரவேண்டாம் என்றாலும் வருவேன்.

முடிவின் முதல் பாதியை எழுதிவிட்டேன். மீதியை நான் தொடப்போவதில்லை.

ஞாயிறு காலை, புறப்படும் கோட்டுக்குப் பின்னால், சிட்டு தன் வலது முழங்காலை ஒருமுறை மடக்கி நீட்டிப் பார்த்துவிட்டு