அக்காவின் கடல்

முப்பத்தைந்து வயதில், ஒரு செவ்வாய்க்கிழமையிலிருந்து, லூபே இருக்கும் இடத்திலெல்லாம் கடல் ஏறும் நேரத்தில் கணுக்கால் அளவு உப்புத் தண்ணீர் நின்றது. கடல் இறங்கினால் அதுவும் இறங்கிவிடும். அவள் புருஷன் இயாகோபோ முதல் வாரம் பயந்தான். இரண்டாம் வாரம், அவள் பாய் முடையும்போது பக்கத்தில் கூடை வைத்து மீன் பிடித்தான். சமோவாவில் இதைவிட விசித்திரமானவர்களை எல்லாம் பார்த்தாயிற்று என்று ஊரும் சும்மா இருந்திருக்கும், தேவாலயம் மட்டும் இல்லாவிட்டால்.

ஞாயிறு ஆராதனைக்கு எல்லோரும் வெள்ளையில் வருவோம். தொப்பியும் வெள்ளை, செருப்பும் வெள்ளை. லூபே முன்வரிசையில் உட்கார்ந்தால் அத்தனை செருப்பும் பாழ். பேதுரு தண்ணீரில் நடந்ததை உருகி உருகிப் பிரசங்கித்த போதகரே மூப்பர்களைக் கூட்டி, கடல் இறங்கியிருக்கும் ஞாயிறுகளில் மட்டும் அவள் உள்ளே வரலாம் என்று முடிவு செய்தார். அதாவது ஒரு ஞாயிறு விட்டு ஒரு ஞாயிறு. கடல் அட்டவணையைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு வாசலில் நிற்கும் வேலை, மூப்பர்களில் இளையவனான பெனியமினாவுக்கு வந்தது. லூபேயின் கூடப்பிறந்த தம்பி. எங்கள் பக்கம் அக்கா முகம் வாடினால் தம்பிக்குச் சோறு இறங்கக்கூடாது. அவனுக்கும் இறங்கவில்லைதான். ஆனால் மூப்பர் பதவி பிடித்திருந்தது, நின்றான். அவள் வெளியே ஈரப்பலா மரத்தடியில் உட்கார்ந்து பாடுவாள். அந்த மேல்குரல் ஜன்னல் வழியே உள்ளே வந்து எங்கள் பாட்டோடு சேர்ந்துகொள்ளும். பத்தொன்பது வருஷம் இப்படியே போயிற்று.

அப்புறம் இயாகோபோ செத்துப்போனான். அடக்க ஆராதனையை, கடல் இறங்கியிருக்கும் காலை நேரத்துக்குத்தான் பெனியமினா வைத்தான். உபோலு தீவிலிருந்து உறவுக்காரர்கள் வந்த படகு தாமதமாகி, மதியமாகிவிட்டது. லூபே வாசலுக்கு வந்தபோது தண்ணீரும் கூடவே வந்தது.

"அக்கா, கடல் ஏறிடுச்சு. வெளியவே இரு. ஒரு மணி நேரந்தான்."

"உள்ள கிடக்கிறது என் புருஷன்டா."

பெனியமினா போதகரைப் பார்த்தான். போதகர் பைபிளைப் பார்த்தார். அவன் நகரவில்லை.

அதன்பின் அவள் தேவாலயப் பக்கமே வரவில்லை. மரத்தடியில் பாட்டும் நின்றது. பெனியமினாவுக்குத் தூக்கம் போயிற்று. நாற்பத்தோராம் நாள் விடியலில், வீட்டிலேயே விலை உயர்ந்த, பட்டுப்போல் மெல்லிய பாயைத் தலைவழியே போர்த்திக்கொண்டு அக்கா வீட்டு முன் மண்டியிட்டான். கொலை செய்தவன் செத்தவன் வீட்டில் மன்னிப்புக் கேட்கும் முறை அது. பாயை அந்த வீட்டார் விலக்கினால் மன்னிப்பு; விலக்காவிட்டால் வெட்டிப் போட்டாலும் கேள்வியில்லை. சொந்த அக்காவிடம் அப்படிப் போனவன் ஊரில் அதுவரை யாருமில்லை.

லூபே உள்ளேயே இருந்தாள். கடல் ஏறும் நேரம் வந்தது. அன்றைக்குத் தண்ணீர் கணுக்காலோடு நிற்காமல் அவன் இடுப்புக்கு வந்து, மார்புக்கு வந்தது. ஊரே கூடிவிட்டது.

"மூப்பரே, அட்டவணை பார்க்காம வந்துட்டீரா?" என்று ஒருவன் கத்தினான். பாய்க்குள் பெனியமினா பிள்ளை மாதிரி அழுதுகொண்டிருந்தான். எழுந்திருக்கவில்லை. தண்ணீர் கழுத்தைத் தொட்டபோது பாய் விலகியது.

"எந்திரிடா, சளி பிடிக்கும்" என்றாள் லூபே. "உன்னை மன்னிச்சுட்டேன். ஆனா அந்த ஒரு மணி நேரத்தை யாருடா எனக்குத் திருப்பித் தருவா?"



அடுத்த ஞாயிறு கடல் ஏறும் ஞாயிறு. அக்காவுக்கு முன்னால் நடந்துபோய் பெனியமினா இரண்டு கதவுகளையும் திறந்துவிட்டான். தண்ணீர் பீடம்வரை போயிற்று. போதகர் வசனத்தை நிறுத்தாமல் செருப்பைக் கழற்றினார். பெண்கள் பாவாடையைச் சற்றுத் தூக்கிக்கொண்டார்கள். இயாகோபோவின் சவப்பெட்டி அன்று இருந்த இடத்தருகே லூபே உட்கார, பக்கத்தில் தம்பி உட்கார்ந்தான். பிறகு பாட்டு ஆரம்பமானது, மேல்குரலும் சேர்ந்து.