கறித்துணி

கறிக்கடை தொடங்கிய நாளிலிருந்து அர்னுல்ஃபோ சனிக்கிழமை விடிந்ததும் வாசலில் சிவப்புத் துணி கட்டிவிடுவான். எங்கள் பக்கம் அதற்குப் புதுக் கறி வந்திருக்கிறது என்று அர்த்தம். கொலம்பியத் தலைநகர் பொகோட்டாவை ஒட்டிய அந்த மலைச்சரிவில் எழுத்து தெரியாதவனுக்கும் அது புரியும்.

கொரோனா ஊரடங்கு வந்து எல்லாம் தலைகீழானது. அவனிடம் வாடிக்கையாக வாங்கிய மூன்று சாப்பாட்டுக் கடைகளும் மூடின. அடையாள அட்டையின் கடைசி எண்ணைப் பார்த்து, இன்ன எண்ணுக்கு இன்ன நாள் என்றுதான் ஆளை வெளியே விட்டார்கள். காசிருந்தவனுக்கு எண் வரவில்லை, எண் வந்தவனுக்கு வேலை போயிருந்தது. மாட்டு விலை மட்டும் ஏறிக்கொண்டே போனது. பட்ட காலிலேதான் படும், குளிர்பெட்டியும் பழுதானது. மிச்சமிருந்த முதல் பணத்தையெல்லாம் போட்டு அந்தச் சனிக்கிழமைக்கு அரை மாடு வாங்கினான். இன்றைக்குள் விற்றால் அடுத்த வாரமும் கடை உண்டு, இல்லாவிட்டால் இல்லை.

மதியம்வரை ஒருவரும் வரவில்லை. வியாபாரம் இல்லாதவன் ஈ ஓட்டுகிறான் என்பார்கள். இவன் நிஜமாகவே ஓட்டினான். தெருவில் சன்னலுக்குச் சன்னல் சிவப்பு: பழைய சட்டை, துண்டு, குழந்தைப் பாவாடை. வீட்டில் அடுப்பு எரியவில்லை, யாராவது உதவுங்கள் என்பதற்கு அந்த மாதம் வந்த அடையாளம் அது. தன் துணியும் அதில் ஒன்றாகிப்போனது இந்த மண்டுக்கு உறைக்கவில்லை.

வாராவாரம் சூப்புக்கு எலும்பு வாங்கும் எதிர்வீட்டு ஒஃபெலியா ஒரு தட்டை மூடி எடுத்துவந்தாள்.

“உன் வாசல்லயும் துணி தொங்குதே தம்பி, கடைப் பக்கம் ஒருத்தரையும் காணோம், காலைலேர்ந்து மனசு கேக்கல. கொஞ்சம் பருப்புதான். நீயும் உன் பொண்டாட்டியும் சாப்பிடுங்க.”

அவனுக்குக் கோபம்தான் முதலில் வந்தது. இது பசித்துணி இல்லை, கறித்துணி என்று கத்த வாயைத் திறந்தான். அப்போது அவள் சன்னல் கண்ணில் பட்டது.

“உங்க வீட்லயும் சிவப்புதானக்கா தொங்குது?”

“ஆமா. அதனாலதான் தெரியும்.”

இத்தனை நேரம் யாருக்கு விற்கக் காத்திருந்தோம் என்று அவனுக்கு விளங்கியது. வெட்கமும் அழுகையும் சேர்ந்து வந்தன. தட்டை வாங்கி வைத்துவிட்டு, நல்ல தொடைக்கறியாக வெட்டி அவளிடம் நீட்டினான். காசில்லையே என்றாள்.

“காசு வேணாம். துணி கட்டின எல்லாரையும் வரச் சொல்லுங்க. வச்சிருந்தா நாளைக்குக் கெட்டுடும். கடை இன்னையோட சரி.”

அரைமணி நேரத்தில் தெரு வளைவு தாண்டி ஆட்கள் நின்றார்கள். பதினொரு வருஷத்தில் அவன் கடை முன்னால் அவ்வளவு நீள வரிசை நின்றதே இல்லை.